பிரதிநிதிக்கு எழுதும் கடிதம்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களிலிருந்து ஒரு பாடம்

சங்கப் பேரவையில் ஒரு தீர்மானம் நிறைவேறியதும் அதை மகஜராக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது நம் சங்கங்களில் நெடுநாள் வழக்கம். நூல் விலை ஏறினால் மகஜர்; தள்ளுபடித் தொகை பாக்கி நின்றால் மகஜர்; கரும்புக்குப் பணம் வரத் தாமதித்தால் மகஜர். பார்வையிடச் செல்லும் இடங்களில் கோப்புகளைப் புரட்டும்போது இவற்றின் நகல்களைக் காண்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதலமைச்சர் பெயருக்கு எழுதி, அமைச்சர்கள், கலெக்டர், பதிவாளர், பாராளுமன்ற அங்கத்தினர், சட்டசபை அங்கத்தினர் ஆகிய எல்லோருக்கும் நகல். உள்ளே பதினொன்று அல்லது பன்னிரண்டு கோரிக்கைகள். அடியில் இருநூறு கையொப்பங்கள். எல்லோருக்கும் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத ஒருவரும் தம்மைக் கடமைப்பட்டவராக எண்ணுவதில்லை. பதில் வராது போகவே, ‘எழுதிப் பயனில்லை’ என்ற முடிவுக்கு அங்கத்தினர்கள் வந்துவிடுகிறார்கள்.

மக்கள் தம் பிரதிநிதிக்கு எழுதிச் சட்டத்தை மாற்றுவது மெய்யாகவே நடக்கிற காரியந்தானா, நடக்குமானால் எவ்வாறு நடக்கிறது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு வெகு தூரத்திலுள்ள ஒரு விஷயத்தை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துப்பாக்கிச் சட்டங்களைத் தேர்ந்திருக்கிறேன். நமக்கு அதில் லாபமோ நஷ்டமோ இல்லையாதலால் இரு தரப்பு வாதங்களையும் விருப்பு வெறுப்பின்றி நோக்கலாம். அதைவிடக் கடினமான விஷயம் கிடைப்பதும் அரிது. 1791-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்துத் திருத்தங்களுள் இரண்டாவது, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மக்களுக்கு அளிக்கிறது. அந்நாட்டுப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் உள்ளன என்பது, ஜினீவா நகரிலுள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீடு. அதாவது, ஜனத்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். ஆனால் அதே பத்துத் திருத்தங்களுள் முதலாவது, தம் குறைகளைத் தீர்க்கும்படி அரசிடம் மனுச் செய்துகொள்ளும் உரிமையையும் அளித்திருக்கிறது. இவ்விரண்டு உரிமைகளும் ஒரே நாளில் பிறந்தவை. முதல் திருத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டாவது திருத்தத்தின் எல்லையைப் பற்றி அம்மக்கள் இன்றளவும் வழக்காடி வருகிறார்கள்.

மகஜர் எழுதுவோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இதை மாற்றும் அதிகாரம் எந்தச் சபைக்கு உண்டு?’ என்பது. துப்பாக்கி விஷயத்தில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் என்னும் மத்திய சட்டசபை செய்திருப்பது கொஞ்சமே. உரிமம் பெற்ற வியாபாரி 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கியும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ரைபிளும் விற்கலாகாது என்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். வாங்குபவரின் முன்வரலாற்றை வியாபாரி விசாரித்தறிய வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். துப்பாக்கி வியாபாரம் செய்யாத ஒருவர் தம்மிடமுள்ளதை அதே ராஜ்யத்தைச் சேர்ந்த மற்றொருவருக்கு விற்றால் அவ்விசாரணைக்கு மத்தியச் சட்டத்தில் கட்டாயமில்லை. பணம் கொடுத்தபின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், யார் பொது இடத்தில் துப்பாக்கியுடன் நடமாடலாம், ஆபத்தானவரிடமிருந்து அதைக் கோர்ட்டு எப்போது வாங்கி வைக்கலாம் என்பன போன்ற எஞ்சிய விஷயங்களையெல்லாம் ஐம்பது ராஜ்யங்களின் சட்டசபைகளே தீர்மானிக்கின்றன. ஆகையால் கலிபோர்னியாவில் கண்டிப்பான விதிகள் உள்ளன. எல்லை தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்தால் மறைத்து எடுத்துச் செல்லவும் 2010 முதல் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை.

அதிகாரம் கீழ்நோக்கியும் செல்வதில்லை. புளோரிடா ராஜ்யத்தில், துப்பாக்கி பற்றி நகரசபைகளும் வட்டார சபைகளும் தனி விதி செய்யலாகாது என்று 1987-இல் சட்டமாயிற்று. மீறிச் செய்யும் நகரசபைத் தலைவருக்கு அபராதமும் பதவி நீக்கமும் உண்டு என்று 2011-இல் கடுமையாக்கினார்கள். ஆகவே அந்த ராஜ்யத்துக் குடிமகன் இது பற்றித் தம் நகரசபைக்கு எழுதினால், எவ்வளவு நல்ல கடிதமாயினும், அது முகவரி தவறிய கடிதமே.

நம் நாட்டில் ஏற்பாடு நேர்மாறானது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் துப்பாக்கியும் வெடிமருந்தும் மத்திய அரசின் பட்டியலில் ஐந்தாவதாக உள்ளன. பயிரைக் காக்க வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டி நம் விவசாயி கலெக்டரிடம் விண்ணப்பித்தாலும், அதற்கு ஆதாரமான சட்டம் பாராளுமன்றம் 1959-இல் இயற்றியது. அதை மாற்ற விரும்புவோர் எழுத வேண்டியது பாராளுமன்ற அங்கத்தினருக்கு. மாறாக, கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலில் 32-ஆவது. நம் சங்கங்களை ஆளும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வல்லது சென்னைச் சட்டசபையே. இந்த ஒரு விஷயத்தை அறியாமையால் எத்தனையோ தபால் தலைகள் வீணாகியிருக்கின்றன.

இனி உதாரணத்துக்கு வருவோம். புளோரிடாவின் தென்கோடியை அடுத்து பார்க்லாண்ட் என்ற ஊர் உள்ளது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில், முன்னாள் மாணவனான 19 வயது இளைஞன் ஒருவன் ரைபிளுடன் நுழைந்து மாணவர் பதினால்வரையும் ஊழியர் மூவரையுமாகப் பதினேழு பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த ரைபிளை அவன் முந்தைய ஆண்டு, தனக்குப் பதினெட்டு வயதாகியிருந்தபோது, கடையில் சட்டப்படியே வாங்கியிருந்தான். கைத்துப்பாக்கி கேட்டிருந்தால் வியாபாரி விற்றிருக்க முடியாது. அதைவிடக் கொடிய ரைபிளை விற்க முடிந்தது. சட்டம் அவ்வாறு இருந்தது.

புளோரிடாச் சட்டசபையின் வழக்கமான கூட்டத்தொடர் ஆண்டுக்கு அறுபது நாள்தான். அந்த ஆண்டு அது மார்ச் 9-ஆம் நாள் முடிய வேண்டும். மூன்று வாரமே பாக்கி. தலைநகரான டல்லஹாசி பார்க்லாண்டிலிருந்து 400 மைலுக்கு மேற்பட்ட தூரம். அப்பள்ளி மாணவர் சுமார் நூறு பேர் பஸ்களில் அங்கே சென்று பிரதிநிதிகளை நேரில் கண்டு பேசினார்கள். பெரும்பாலோர் அங்கே போய்ச் சேருமுன்னரே, பிப்ரவரி 20-ஆம் நாள், போர்முறை ரைபிள்களைத் தடை செய்யும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற பிரேரணை கீழ்ச்சபையில் 36-க்கு 71 என்ற வாக்கில் தோற்றது. முன்னதாகச் சென்றிருந்த மாணவர் சிலர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து அதைக் கண்ணீருடன் பார்த்தார்கள்.

அத்துடன் எல்லாம் முடிந்தது என்று வீடு திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. முழுத் தடை நிறைவேறாது என்று தெரிந்தபின், நிறைவேறக்கூடிய மற்றொரு மசோதா மேல்சபையில் உருவாயிற்று. எந்தத் துப்பாக்கியானாலும் வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்; ரைபிளுக்கும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும்; துப்பாக்கியை இடைவிடாது சுட வைக்கும் துணைக்கருவி கூடாது; தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடியவர் எனக் காணப்படுபவரிடமிருந்து போலீசார் கோர்ட்டு உத்தரவு பெற்றுத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். இவை அதன் முக்கிய அம்சங்கள். இவற்றுடன், பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் சிலர் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற அம்சமும் சேர்ந்திருந்தது. இதனால் இரு புறத்திலும் எதிர்ப்பு. வயதை உயர்த்துவது உரிமைக்குக் கேடு என்று சிலர் எதிர்த்தார்கள். பள்ளிக்குள் மேலும் துப்பாக்கியைக் கொண்டுவருவதா என்று வேறு சிலர் எதிர்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் பாடத்துக்கு முக்கியமான கடிதம் வருகிறது. உயிரிழந்த பதினேழு பேரின் குடும்பத்தாரும் சேர்ந்து கையொப்பமிட்டு, இந்த மசோதாவை நிறைவேற்றுங்கள் என்று சட்டசபையைக் கேட்டுக்கொண்டார்கள். துப்பாக்கி விஷயத்தில் அந்தக் குடும்பங்களுக்குள் ஒரே அபிப்பிராயம் இருக்கவில்லை. முழுத் தடை வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். பள்ளிக் காவலைப் பலப்படுத்தினால் போதும் என்றவர்களும் இருந்தார்கள். தத்தம் முழு விருப்பத்தை எழுதியிருந்தால் பதினேழு கடிதங்கள் பதினேழு திசையில் போயிருக்கும். துக்கத்தில் இருக்கும் மனிதர் தம் விருப்பத்தில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் எதை ஏற்பாரோ அதில் கையொப்பமிடுவது எளிதன்று. மேல்சபையில் மார்ச் 5-ஆம் நாள் வாக்கெடுத்தபோது ஆதரவு 20, எதிர்ப்பு 18. ஆதரித்தவருள் ஒருவர் மாறியிருந்தால் 19-க்கு 19 ஆகி மசோதா விழுந்திருக்கும். மார்ச் 7-ஆம் நாள் கீழ்ச்சபையில் 67-க்கு 50. மார்ச் 9-ஆம் நாள் கவர்னர் ரிக் ஸ்காட் கையொப்பமிட்டார். துயரம் நிகழ்ந்த இருபத்து மூன்றாம் நாள் அது சட்டமாயிற்று. அதன்பின் புளோரிடாக் கோர்ட்டுகள் துப்பாக்கியை வாங்கி வைக்கும் உத்தரவுகளை ஆயிரக்கணக்கில் பிறப்பித்திருக்கின்றன.

கடிதம் ஒன்றே இதைச் செய்தது என்று நான் கூறவில்லை. நாடு முழுவதும் எழுந்த கொதிப்பு, மாணவர் ஊர்வலங்கள், வரவிருந்த தேர்தல் ஆகிய எல்லாம் சேர்ந்தே செய்தன. ஆயினும், இரு வாக்கில் தொங்கும் சபையில் தயங்கி நிற்கும் ஒரு பிரதிநிதிக்குத் தம் முடிவை ஊராருக்கு எடுத்துச் சொல்ல ஒரு காரணம் தேவைப்படுகிறது. அக்குடும்பங்களின் ஒருமித்த கையொப்பம் அந்தக் காரணத்தை அளித்தது.

சாதாரண நாட்களில் வரும் சாதாரணக் கடிதம் என்ன ஆகிறது? பிரதிநிதியின் காரியாலயத்தில் உதவியாளர் ஒருவர் அதைப் பிரிக்கிறார். முதலில் பார்ப்பது, எழுதியவர் தொகுதியைச் சேர்ந்தவரா என்பதை. அல்லவெனில் கடிதம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தொகுதி வாக்காளர் என்றால், எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்கிறார். ஒரே வாசகம் அச்சிட்ட ஐந்நூறு கடிதங்கள் வந்தால் ‘ஐந்நூறு’ என்ற எண்ணிக்கையாக மேலே போகும். தம் சொந்த வாசகத்தில், தம் அனுபவத்தைச் சொல்லி எழுதிய ஒன்று, கடிதமாகவே பிரதிநிதியின் மேஜைக்குப் போக இடமுண்டு. இந்த உதவியாளரும் இல்லாத இடங்கள் உண்டு. நியூ ஹாம்ஷயர் ராஜ்யத்தின் கீழ்ச்சபையில் 400 பிரதிநிதிகள். ஒருவருக்குச் சுமார் 3,500 மக்கள். சம்பளம் ஆண்டுக்கு நூறு டாலர். அங்கே கடிதத்தைப் பிரிப்பவரும் படிப்பவரும் பிரதிநிதியே. வாஷிங்டன் காங்கிரசுக்கு எழுதுவதோ வேறு கதை. 2001-இல் விஷக்கிருமித் தூள் அடைத்த உறைகள் வந்தது முதல் அங்கே வரும் தபாலையெல்லாம் சோதனைச் சாலைக்கு அனுப்பிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபின்பே கொடுக்கிறார்கள். உறை நிறம் மாறி, நாள் கடந்து போய்ச் சேரும். அவசரமானால் மின்னஞ்சலோ தொலைபேசியோதான்.

துப்பாக்கி உரிமையை ஆதரிப்போரின் கடிதப் பழக்கத்தையும் அறிந்துகொள்வது நலம். 1871-இல் தோன்றிய தேசிய ரைபிள் சங்கம், நெடுங்காலமாக ஒவ்வொரு ராஜ்யத்திலும் எந்த மசோதா எந்தக் கமிட்டியில் என்று வருகிறது என்பதைத் தன் அங்கத்தினருக்கு அறிவித்து, இன்னாருக்கு இன்று எழுதுங்கள் என்று தூண்டி வந்திருக்கிறது. அவர்களிற் பலர் வேட்டையாடும் கிராமத்தார், விவசாயிகள். தம் உரிமை பறிபோகிறது என்று மெய்யாகவே நம்புகிறவர்கள். பியூ ஆராய்ச்சி நிலையம் 2017-இல் நடத்திய விசாரணையில், துப்பாக்கிச் சட்டம் பற்றி எப்போதேனும் அதிகாரப் பொறுப்பிலுள்ள ஒருவருக்கு அபிப்பிராயம் தெரிவித்ததுண்டா என்று கேட்டார்கள். துப்பாக்கி உடையவருள் 100-க்கு 21 பேர் உண்டு என்றார்கள். இல்லாதவருள் 100-க்கு 12 பேர். எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் முன்விசாரணை வேண்டும் என்பதைப் பெரும்பான்மை மக்கள் ஆதரிப்பதாகக் கணிப்புகள் பல ஆண்டுகளாகக் கூறியும் பல சட்டசபைகள் அசையாததற்குரிய காரணங்களுள் இந்த வித்தியாசமும் ஒன்று என்பது என் கருத்து. பெரும்பான்மையோர் நினைக்கிறார்கள்; சிறுபான்மையோர் எழுதுகிறார்கள். பிரதிநிதியின் கண்ணில் படுவது எழுதியதுதான்.

இனி, அத்தகைய கடிதம் எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரி. இது பாடத்துக்காக நான் அமைத்தது. புளோரிடாவில் ஒரு வாக்காளர் தம் மேல்சபைப் பிரதிநிதிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“மதிப்புக்குரிய பிரதிநிதி அவர்களுக்கு, தங்கள் தொகுதியில் இன்ன தெருவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் வாக்காளர் நான். ரைபிள் வாங்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் இன்ன எண்ணுள்ள மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறித் தங்கள் சபைக்கு வந்திருக்கிறது. அதற்கு எதிராகத் தாங்கள் வாக்களிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. பதினெட்டு வயதில் மனம் குழம்பி, இருபது வயதில் தெளிந்துவிட்ட மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இடைக்காலத்தில் அவர்கள் கையில் ரைபிள் இருக்கலாகாது. என் தகப்பனார் வேட்டைப் பழக்கமுள்ளவர். எங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டு. இப்போதுள்ள சட்டத்தால் அவருக்கு எவ்வித இடைஞ்சலும் நேரவில்லை. தங்கள் முடிவு எதுவாயினும் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுதியவர் யார், தொகுதியில் அவருக்கு என்ன இடம் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிகிறது. மசோதாவின் எண்ணும் அது நிற்கும் கட்டமும் இருக்கின்றன. கேட்பது ஒன்றே, அதுவும் ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற மழுப்பலாக இல்லாமல், பிரதிநிதி தம் கையாலேயே செய்யக்கூடிய காரியமாக இருக்கிறது. தகப்பனாரைப் பற்றிய வாக்கியத்தை வீணாகச் சேர்க்கவில்லை. எதிர்த் தரப்பினர் என்ன கேட்பார்கள் என்பதற்குப் பிரதிநிதியிடம் முன்கூட்டியே ஒரு விடையை அது கொடுத்து வைக்கிறது. பயமுறுத்தல் இல்லை, ‘அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாசகம் இல்லை. தொகுதியில் வாக்குள்ளவர் என்று சொன்ன பின் அதைச் சொல்லத் தேவையுமில்லை. கடைசி வாக்கியம் பதிலைக் கேட்கிறது. பதில் வந்தால், அடுத்த கடிதத்துக்கு அதுவே அடிப்படை. வாக்களித்தபின் நன்றி தெரிவித்து எழுதுவோர் மிகக் குறைவு. அதனாலேயே அத்தகைய கடிதம் மறக்கப்படுவதில்லை.

நன்றாக எழுதியும் தோற்பதுண்டு. டென்னசி ராஜ்யத்தின் நாஷ்வில் நகரில் 2023-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் ஒரு பள்ளியில் குழந்தைகள் மூவரும் பெரியவர் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாய்மார் சட்டசபைக் கட்டடத்துக்கு நாள்தோறும் வந்தார்கள். ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைக் கோர்ட்டு மூலம் நீக்கும் சட்டம் தேவையென்று, துப்பாக்கி உரிமையை ஆதரித்து வந்த கவர்னர் பில் லீயே கூறி, ஆகஸ்டில் சிறப்புக் கூட்டத்தொடரும் கூட்டினார். அச்சட்டம் நிறைவேறவில்லை. துப்பாக்கிப் பெட்டிக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி விலக்குப் போன்ற சிறு காரியங்களோடு கூட்டம் கலைந்தது. அடுத்த ஆண்டு, பள்ளி ஊழியர் துப்பாக்கி வைத்திருக்க வழி செய்யும் சட்டமே வந்தது. துயரம் புளோரிடாவிலும் டென்னசியிலும் ஒன்றே. புளோரிடாவில் சபை அமர்ந்திருந்தபோதே, சில வாக்குகள் அசையக்கூடிய நிலையில், கோரிக்கை ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. டென்னசியில் ஐந்து மாதம் கடந்துவிட்டது. ஆளும் கட்சியின் பெரும்பான்மையும் மிகப் பெரிது.

சில ராஜ்யங்களில், சட்டசபை கேளாதபோது போதிய கையொப்பம் திரட்டி மசோதாவை நேரே மக்கள் வாக்குக்கு விடலாம். வாஷிங்டன் ராஜ்யத்தில் எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் முன்விசாரணை வேண்டும் என்ற மசோதா சட்டசபையில் நிறைவேறாது போகவே, 2014-இல் மக்கள் வாக்கால் சட்டமாயிற்று. புளோரிடாவிலோ நமது நாட்டிலோ சாதாரணச் சட்டத்துக்கு அத்தகைய வழி கிடையாது. ஆகையால் கடிதத்தின் அவசியம் கூடுகிறது.

புளோரிடாச் சட்டத்தின் பிற்கதையையும் சொல்ல வேண்டும். கவர்னர் கையொப்பமிட்ட அன்றே தேசிய ரைபிள் சங்கம் வழக்குத் தொடர்ந்தது; ஏழாண்டுக்குப்பின், 2025 மார்ச்சில், மேல்முறையீட்டு நீதிமன்றம் வயது வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் அதே ராஜ்யம், அனுமதிச் சீட்டு இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் செய்தது. வயது வரம்பை மீண்டும் 18 ஆக்கும் மசோதா 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கீழ்ச்சபையில் நிறைவேறியது. மூன்று முறையும் மேல்சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தொடர் தோறும் இரு தரப்பினரும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

படிப்பு வட்டத்தில் இப்பாடத்தை எடுக்கும் சங்கங்கள், தாங்கள் சென்ற ஆண்டு அனுப்பிய மகஜர் ஒன்றின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளவும். அதிலுள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, அது பாராளுமன்றத்தின் அதிகாரமா, சட்டசபையின் அதிகாரமா, பதிவாளரே ஓர் உத்தரவால் முடிக்கக்கூடியதா, நூல் வரி போன்று மத்திய மாநில அமைச்சர்கள் கூடும் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு உரியதா என்று பென்சிலால் குறிக்கவும். பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்குரிய ஒருவருக்கு மட்டும், அங்கத்தினர் ஐவர் தத்தம் சொந்த வாசகத்தில் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதிப் பார்க்கவும். அடுத்த கூட்டத்தில் ஐந்தையும் உரக்கப் படிக்கலாம்.